மைக்கில் கூப்பிடாத பெயர்கள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்காமலே இருக்கிறேன். "அம்மா இன்னும் கோபமாத்தான் இருக்கறாங்களாங்கப்பா?" என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். என் கோபம் உனக்குத் தெரியாததா? கோபமாக இருந்தால் முதல் மணிக்கே எடுத்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்ட வாயாலேயே, சாப்பிட்டாயா என்றும் விசாரித்திருப்பேன். இது கோபம் இல்லை. என்னவென்று எனக்கே பிடிபடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அணைக்கக் கை நீளவில்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவளுக்கு, மணி அடிக்கும் போனை எடுக்கக் கை வரவில்லை என்றால் நீயே பார்த்துக்கொள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் புகுந்து "அப்படி இல்லீங்கம்மா" என்று உன்னால் ஆரம்பிக்க முடியாது. இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே படி. உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கிடக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

பதினோராம் வகுப்புக்கு இனிமேல் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசாங்கம் சொன்ன அன்றைக்கு நம் வீட்டில் நடந்த சண்டையை முதலில் சொல்கிறேன். உன் அப்பா பட்டறையிலிருந்து வந்து, கைக் கிரீஸைக்கூடக் கழுவாமல் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை இல்லீன்னா எவன் படிப்பான்?" என்றார். "புள்ளைங்க கொஞ்சம் மூச்சு உட்டுக்கட்டுமுங்க, எந்நேரமும் பரீட்சை பரீட்சைன்னு" என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசி இட்லி ஆறிப்போனது. கடைசியில் "உம்பையன் என்ன சொல்றான்னு கேளு, அவன்தானே வாத்தியான்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். நீ என்ன சொல்கிறாய் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. நம் ஆர்.எஸ்.புரத்துக் கல்யாண மண்டபத்தில் பெற்றோர்கள் கூடி அதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்களே, மேடையில் உன்னையும் உட்கார வைத்தார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு வைத்தால் பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், அந்த வயதில் அவர்களுக்கு அரவணைப்புதான் முக்கியம் என்று பேசினாய். அரவணைப்பு என்ற வார்த்தையை நீதான் சொன்னாய், நான் சேர்க்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து வயதான ஒருவர் எழுந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். "தம்பி, அந்தப் பரீட்சையக் கொண்டாந்ததே எதுக்குங்க? ஹாஸ்டல் ஸ்கூலுங்க பதினொண்ணாவது பாடத்தையே தொடாம, ரெண்டு வருசமும் பன்னெண்டாவதையே உருட்டிட்டு இருந்தாங்கன்னுதானுங்களே? இப்ப எடுத்துப்போட்டா மறுபடியும் அதே கூத்துதானுங்களே?" என்று கேட்டார். நீ எழுந்து நின்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலமெல்லாம் போயிருச்சுங்கய்யா. இப்ப ஆரும் அப்படிச் செய்யறதில்லீங்க. செய்யவும் உட மாட்டோமுங்க" என்றாய். மண்டபமே கை தட்டியது. எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் "என்ற பையனுங்க" என்று வேறு சொன்னேன். அந்த அம்மாள் முகத்தை இப்போது நினைத்தால் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி நந்தினியைப் பற்றி. உனக்கு அவள் ஒரு பதிவு எண்ணாக இருக்கலாம், அதனால் யார் என்று மறுபடியும் சொல்கிறேன். நம் வீட்டின் முன் போர்ஷனில் குடியிருக்கும் மல்லிகாவின் மகள். அப்பன் செல்வராஜ், நம் பட்டறையில் லேத் ஓட்டுகிறான். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மல்லிகா பட்டுக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, அவர்கள் வீட்டு வாசலில் மூன்று பள்ளிக்கூடத்துக் கார் நின்றது. ஒருத்தர் சால்வை, ஒருத்தர் ஸ்வீட் பாக்ஸ். முதல் மார்க்கு வாங்கும் பிள்ளைகளை அப்படித் தேடிப் பிடித்துச் சலுகையில் சேர்த்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான், எனக்கும் தெரியும். மூன்றில் ஒன்று உங்கள் பள்ளி. "ஏனுங்கக்கா, தம்பி இருக்கற ஸ்கூலுதானுங்களே? நம்பி உடலாமுங்களா?" என்று மல்லிகா என்னிடம் வந்து கேட்டாள். "என்ற பையன் துணை முதல்வரா இருக்கறான், அப்பறம் என்ன யோசனை உனக்கு?" என்றேன். அவள் என் வார்த்தையை நம்பித்தான் பெட்டி கட்டினாள். உங்கள் விளம்பரத்தை நம்பி இல்லை.

ஆயுதபூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளியில் பெற்றோர் பார்க்கும் நாள். மாதாமாதம் போய்வரும் செல்வராஜுக்கு அன்றைக்கு அவசர வேலை இருந்தது. மல்லிகா தனியாகப் போவதாகச் சொன்னதும் நான் துணைக்குக் கிளம்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. திடீரென்று வந்து நின்றால் நீ எப்படி முழிப்பாய் என்று பார்க்க ஆசை. மல்லிகா விடியும் முன்னாலேயே எழுந்து அரிசியும் பருப்பும் சாதம் செய்து, நெய் ஊற்றி, சூடு போகாமல் அடுக்கு டிபன் கேரியரில் போட்டிருந்தாள். போன வாரம் போனில் பெண் கேட்டதாம். மேல் அடுக்கில் பருப்புப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டு. பட்டறைப் பூஜைப் பொரி ஒரு பை. கக்கத்தில் ஜமக்காளம். காந்திபுரத்தில் பஸ் ஏறி, பவானியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். வழியெல்லாம் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான், பெண்ணுக்குத் தலை சீவிவிட நேரம் கிடைக்குமா என்பது. கிடைக்கும் என்றேன். நீ அங்கே சேர்ந்த புதிதில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா? வேப்பமரத்தடி எல்லாம் ஜமக்காளம் விரித்து, பனியன் கம்பெனி முதலாளியும் பஸ்ஸில் வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மீசை முளைத்த பையன்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

இந்தத் தடவை கேட் சாத்தியிருந்தது. வெளியே ரோட்டோரம் கூட்டம். உள்ளே ஷாமியானாவிலிருந்து மைக்கில் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி, பெற்றோரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டவர்களை வாட்ச்மேன் விட்டார். இரண்டாவது பெயரிலேயே எனக்கு அது உன் குரல் என்று தெரிந்துவிட்டது. ஆள் தெரியாமல் குரலை மட்டும் வைத்துப் பிழைத்தவள் நான், நீ மைக்கில் இருமினாலே கண்டுபிடிப்பேன். பெருமையாகத்தான் இருந்தது. "பாத்தியா மல்லிகா, தம்பிதான் கூப்படறான்" என்றேன். அவளும் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கூட்டம் பாதியானது, கால்வாசியானது. கடைசியில், "இத்தோட முடிஞ்சுதுங்க. மத்தவங்க தயவுசெஞ்சு அடுத்த மாசம் வாங்க. சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க. பத்திரமா ஊரு போய்ச் சேருங்க" என்று சொல்லி மைக்கை அணைத்தாய். மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏதோ பெயர் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சுருட்டிய ஜமக்காளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அதை அவர் விரிக்கவே இல்லை. வெள்ளகோவில்காரர் என்று தெரிந்ததும் மல்லிகா போய்ப் பேச்சுக் கொடுத்தாள். "மாசப் பரீட்சையில மார்க்கு கொறஞ்ச புள்ளைங்க பேரக் கூப்பட மாட்டாங்கங்க அம்மணி. இந்த வருசம் போட்ட ரூலு. எம்பையன் பேரு போன மாசமும் வரல" என்றார். "வராதுன்னு தெரிஞ்சுமா வந்தீங்க?" என்று நான்தான் கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு, "ஒருவேள கூப்பட்டாங்கன்னா, அந்நேரத்துல நாம இல்லாம போயிரக் கூடாதில்லைங்க" என்றார். கண்ணு, அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். கூப்பிடாமல் விட்டவன் நீதானே?

நான் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சாரோட அம்மாங்களா, வாங்க வாங்க" என்று கதவைத் திறந்தார். மல்லிகா பின்னாலேயே வந்தாள். அவளைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டி, அவரும் மரியாதையாகத்தான், "நீங்க கொஞ்சம் இருங்க அம்மணி" என்றார். எனக்கு மகன் மார்க்கு வாங்கியிருக்கிறான், அவளுக்கு மகள் வாங்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு. மல்லிகா டிபன் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஷாமியானாவில் நீ என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தாய். திடீரென்று வந்து நின்றால் நீ எப்படி முழிப்பாய் என்று பார்க்க வந்தேன் அல்லவா, நான்தான் முழித்தேன். "ஏன் கண்ணு, இது ஆரு போட்ட ரூலு?" என்று கேட்டேன். தாளாளர் என்று சொல்லிவிடு, மேனேஜ்மென்ட் என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். "நாந்தானுங்கம்மா போட்டேன். நல்லா வேலை செய்யுதுங்க. இதப் போட்டதுக்கப்பறம் ஆவரேஜ் எவ்வளவு ஏறியிருக்குது தெரியுங்களா?" என்றாய். மார்க்கு வாங்காத பிள்ளைக்கு அம்மாவைக் காட்டாமல் இருப்பதைப் பற்றி, புது போர் போட்டுத் தண்ணீர் வந்ததைச் சொல்வது போல என்னிடம் சொன்னாய். அங்கிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், உனக்கு அது தெரிந்திருக்காது.

எனக்காக நீ ஒரு சலுகை செய்தாய். "உங்களுக்காகப் பத்து நிமிசம் அந்தப் புள்ளையக் கூப்படறனுங்க. அவங்கம்மா வேண்டாமுங்க, மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்க" என்று ஆபீஸ் பக்கத்து அறையில் என்னை உட்கார வைத்தாய். அங்கே சுவரோரம் புத்தகக் கட்டுகள் என் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சணல் கட்டுப் பிரிக்கவில்லை. அட்டையில் பதினொன்றாம் வகுப்பு என்று இருந்தது. இயற்பியல், வேதியியல், கணக்கு எல்லாம் இருந்தது. ஜூனில் வந்த புத்தகம் அக்டோபரில் தூசியோடு கிடக்கிறது. மண்டபத்தில் அந்தப் பெரியவருக்கு நீ சொன்ன பதில் என் காதில் ஓடியது. நந்தினி உள்ளே வந்தாள். ஆளே பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், கேரியரைப் பார்த்தாள், மூடியைத் திறந்து வாசம் பிடித்தாள், திரும்ப மூடிவிட்டாள். "சாப்படு சாமி, அம்மா வெளியதான் இருக்கறா, எப்படியாவது நான் அவள உள்ள கூட்டிட்டு வாரேன்" என்றேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க பெரியம்மா. அம்மாவ இப்பப் பாக்கக் கூடாதுங்க. அதுக்கு நான் இன்னும் மார்க்கு வாங்கலீங்க."

கண்ணு, அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவில்லை என்பது போல சாதாரணமாகச் சொன்னாள். பாடம் புரியவில்லையா என்று கேட்டேன். "பன்னெண்டாவது பாடம் நடத்தறாங்க பெரியம்மா. பதினொண்ணாவதுல வர்றதுதான் உங்களுக்குத் தெரியுமேன்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு அது தெரியலீங்க" என்றாள். அந்தக் கட்டுகளின் மேல் சாய்ந்துகொண்டு நின்றுதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்று கேட்டாள். "பத்தாவதுல எனக்கு மார்க்கு தப்பா போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க பெரியம்மா. அத இப்பக் கண்டுபுடிச்சா அம்மாவ ஏதாச்சும் சொல்லுவாங்களா?" அவள் தலையைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தேன். சரியாகச் சீவாத தலை. பத்து நிமிஷம் முடிந்தது என்று ஆயா வந்து நின்றாள், அவளும் மரியாதையாக நின்றாள்.

கேரியரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கனம் குறையவில்லை என்பதைக் கையில் வாங்கும்போதே மல்லிகா தெரிந்துகொண்டாள். அப்போது நீயும் கேட் வரை என்னை வழியனுப்ப வந்தாய். அவள் உன்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன், உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள். அவள் என்ன செய்தாள்? கையைக் கும்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த மாசம் நல்லா வாங்கிருவாளுங்க. நான் போன்ல திட்டறனுங்க" என்றாள். நீ "பரவால்லீங்க, நம்ம புள்ளதானுங்க" என்றாய். எனக்கு எது அதிக அதிர்ச்சி என்றே சொல்லத் தெரியவில்லை. நீ போட்ட ரூலா, அதை வேதவாக்கு மாதிரிச் சுமந்துகொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையா, பெற்ற வயிறு காய்ந்து நிற்கும்போதும் உன்னிடம் மன்னிப்புக் கேட்ட இவளா? நம் ஊர்ப் பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தவள் நான். இத்தனை "ங்க" போட்டு ஒரு தாயை வாசலோடு திருப்பி அனுப்ப முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கெட்ட வார்த்தை சொல்லி விரட்டியிருந்தாலாவது நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார், "நம்ம பையனா மைக்குல கூப்புட்டான்?" என்று. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ பதினொன்றாவது படிக்கும்போது காலாண்டில் பிசிக்ஸில் பெயில் ஆனாய். வீட்டுக்கு வரப் பயந்து ஊர் சுற்றிவிட்டு, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தூணோரம் உட்கார்ந்திருந்தாய். அவர் ஸ்கூட்டரில் தேடி வந்து உன்னைக் கண்டுபிடித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், நீ தின்று முடித்ததும் இன்னொரு செட் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து உன் பிசிக்ஸ் வாத்தியாரிடம், "பையனுக்கு அடியில எங்கியோ உட்டுப்போச்சுங்க, மொதல்ல இருந்து சொல்லிக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டார். அந்த வாத்தியார் உன்னை உட்கார வைத்துப் பதினொன்றாவது முதல் பாடத்திலிருந்து திரும்ப நடத்தினார். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று நீயேதான் சொன்னாய், அந்த ரெண்டாவது செட் பரோட்டாவில்தான் நான் பிசிக்ஸ் வாத்தியார் ஆனேன் என்று. சொல்லு கண்ணு, அன்றைக்கு உன் அப்பா, மார்க்கு வாங்கிக்கொண்டு வந்தால் முகத்தைக் காட்டுகிறேன், அதுவரை பஸ் ஸ்டாண்டிலேயே இரு என்று சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு எங்கே இருப்பாய்? என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ரிசல்ட் இல்லாவிட்டால் அட்மிஷன் இல்லை, அட்மிஷன் இல்லாவிட்டால் இத்தனை ஆசிரியர் குடும்பங்கள் இல்லை என்பாய். பெற்றவர்களே இதைத்தான் கேட்கிறார்கள் என்பாய். அதுவும் உண்மைதான். வெளியே நின்றவர்களில் ஒருத்தர்கூட உன்னைத் திட்டவில்லையே, தன் பிள்ளையைத்தானே திட்டினார்கள். அரசாங்கம் பரீட்சை வைத்தால் அது தப்பு, எடுத்தால் இது தப்பு என்று டிவியில் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். வைத்தாலும் எடுத்தாலும் நடுவில் நிற்கிற வாத்தியார் சரியாக இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாத்தியார் நீ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூசி மெழுகாமல் ஒன்று சொல்கிறேன். அந்த ஆவரேஜ் ஏறியது படிப்பினால் இல்லை, பயத்தினால். பயந்து படித்தது பரீட்சை ஹாலைத் தாண்டி வராது என்று நீயே எத்தனை தடவை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறாய். ஒரு பிள்ளைக்கு அம்மாவைப் பார்ப்பது பரிசு இல்லை. அது சோறு தண்ணீர் மாதிரி. அதை எடுத்து மேலே வைத்துவிட்டு, எட்டிக் குதி என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? நான் வளர்த்த பிள்ளைக்கு எந்த இடத்தில் அது வந்து ஒட்டிக்கொண்டது? தேடித் தேடிப் பார்க்கிறேன், எனக்குக் கிடைக்கவில்லை.

நந்தினி என்னிடம் சொன்னதை மல்லிகாவிடம் சொல்லாமல் இரண்டு நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். அவள் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கேட்டாள். "அதுக்கு நான் இன்னும் மார்க்கு வாங்கலீங்க" என்ற இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தினாள். "எம்புள்ள என்னையப் பாக்கறதுக்கு எவ்வளவு வாங்கோணுமுங்கக்கா?" என்று கேட்டாள். அன்றே செல்வராஜையும் கூட்டிக்கொண்டு, நந்தினி பத்தாவது படித்த அதே மாநகராட்சிப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை நந்தினி பெயரைச் சொன்னதுமே எழுந்துவிட்டார். "அந்தப் புள்ளைங்களா? டி.சி.யக் கொண்டாங்க, மறுநாளே வந்து உக்காரட்டும். பதினொண்ணாவது பாடந்தான் ஓடிட்டு இருக்குதுங்க. உட்டுப்போனத நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம்" என்றார். உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தோம். வருஷ நடுவில் டி.சி. கொடுப்பதில்லை, துணை முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு, அவர் போட மாட்டார் என்றார்கள். அவர் என்றால் நீ. வருஷக் கடைசி வரை இருந்தால் அந்தப் பெண் தன் பத்தாவது மார்க்கையே திருட்டு மார்க்கு என்று நம்பிவிடும். அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தும் பிரயோஜனம் இருக்காது.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலையில் மல்லிகாவும் செல்வராஜும் பெண்ணைக் கூட்டிவர அங்கே வருகிறார்கள். நானும் வருகிறேன். இந்தத் தடவை வாட்ச்மேன் எனக்குக் கதவைத் திறந்தாலும் நான் உள்ளே வர மாட்டேன், அவர்களோடுதான் நிற்பேன். டி.சி.யில் கையெழுத்துப் போட்டு வை. அடுத்த பார்க்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கூப்பிடு, அந்த வெள்ளை வேட்டிக்காரரின் மகன் பெயரை முதலில் கூப்பிடு. அந்தச் சணல் கட்டைப் பிரி. செய்வாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. என் மகன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னைப் போட்டுப் படுத்துகிறது.

தீபாவளிக்கு வரலாமா வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டாயாம். இந்த மாதம் என்னிடம் நீ வாங்கிய மார்க்கு முட்டை. ஆனாலும் வா. கையெழுத்துப் போட்டாலும் வா, போடாவிட்டாலும் வா. பெற்றவளைப் பார்க்க இந்த வீட்டில் மார்க்கு கேட்பதில்லை. ஆனால் நம் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் மல்லிகாவின் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். உன்னைப் பார்த்ததும் அவள் மிஷினை விட்டு எழுந்து நின்று, "வாங்க சார், சாப்பிட்டீங்களாங்க?" என்றுதான் கேட்பாள். அவளுக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வா.

அம்மா